படைப்பு வழக்கும் சொற்பொருட் பூசலும்

ஒரு சொல் பல பொருள் பயத்தல் எல்லா மொழிக்கும் இயல்பு. சொல்வான் கருதிய பொருளை விலக்கி வேறு பொருள் ஏற்றிக் குற்றங் கூறுவதைத் தருக்க நூலார் சலம் என்பர். புதிய கம்பளம் என்னுங் கருத்தால் ‘இவன் நவகம்பளம் உடையான்’ என்றானை, ‘இவற்கு ஒன்பது கம்பளம் ஏது?’ என மறுத்தல் அதற்கு எடுத்துக்காட்டாம். எனினும் சொற்பொருளை வினவுதல் எல்லாம் சலமாகா. இவ்வேற்றுமையை அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த இரு வழக்குகள் நன்கு விளக்கும்.

1925-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் டென்னசி மாகாணத்தார், விவிலியம் கூறும் மனிதப் படைப்பை மறுத்து, மனிதன் தாழ்ந்த விலங்கினத்தினின்று தோன்றினான் எனப் பொதுப் பாடசாலைகளிற் கற்பித்தலைச் சட்டத்தால் விலக்கினர். அதனை மீறினாரென ஜான் ஸ்கோப்ஸ் என்னும் ஆசிரியர்மீது டேட்டன் நகரில் வழக்கு நடந்தது. ஜூலை 20-ஆம் நாள், எதிர்வாதியின் வழக்கறிஞராகிய கிளாரன்ஸ் டாரோ, வாதி பக்கத்து வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனையே சாட்சியாக்கி வினவினர். ஆறு நாட் படைப்பில் ‘நாள்’ என்பது 24 மணி நேரமோ என்பது வினா. அங்ஙனங் கொள்ள வேண்டுவதில்லை, நெடுங்காலமாகவும் இருக்கலாம் என்றனர் பிரையன். ஞாயிறு தோன்றியது நான்காம் நாளாயின், அதற்கு முன்னர் மாலையும் காலையும் எங்ஙனம் நிகழ்ந்தன என்பது மற்றொரு வினா.

இது சலமோ எனின், அன்று. ‘யோம்’ என்னும் எபிரேயச் சொல் பகலையும், முழு நாளையும், காலப் பகுதியையும் குறிக்கும். ஆதலின் பிரையன் விடை ஆதாரமற்றதன்று. ஆயின், மூலநூலின் பொருள் அதனைக் காக்கப் புகுந்தாராலேயே ஒருதலையாகத் துணியப்படாவிடின், அதற்கு மாறான கல்வி இதுவென வரையறுப்பார் யாவர்? டாரோவின் வினா சட்டத்தின் வேரையே தொட்டது. நடுவர் மறுநாளே அச்சாட்சியத்தை நீக்கினர். ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. தண்டத்தை ஜூரிகள் விதியாது நடுவர் விதித்தமையால் 1927-இல் அத்தீர்ப்புத் தள்ளப்பட்டது. சட்டமோ 1967 வரை நிலவிற்று.

இனி, சலத்திற்கு இலக்கியம் காண்பாம். பென்சில்வேனியா மாகாணத்து டோவர் ஊர்ப் பாடசாலைக் கழகத்தார், டார்வின் கொள்கை ‘தியரி’யேயன்றி உண்மைச் செய்தியன்று என மாணாக்கர்க்கு உரைக்கும் அறிக்கையொன்றை வகுத்தனர். அவ்வாங்கிலச் சொல் உலக வழக்கில் ஊகத்தையும், அறிவியல் வழக்கிற் சான்றுகளால் நிறுவப்பட்ட விளக்கத்தையும் குறிக்கும். பின்னைய பொருளில் வழங்கிய சொல்லை முன்னைய பொருளில் ஏற்றித் தாழ்த்தியது சலமேயாம். 2005-இல் வழக்கு விசாரணை நடந்தது. அவர் மாணாக்கர்க்குச் சுட்டிய நூலின் பழைய படிகளில் ‘படைப்பு’ என நின்ற இடங்களில், 1987-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பின்னர், ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ எனப் பொருள்படும் தொடர் புகுத்தப்பட்டமை ஆங்கு வெளிப்பட்டது. பெயர் மாறிற்று; இலக்கணம் மாறிற்றில்லை. அது சமயக் கொள்கையே, அறிவியலன்று என நடுவர் ஜான் ஜோன்ஸ் டிசம்பர் 20-ஆம் நாள் தீர்ப்பளித்தனர்.

இவ்வரலாறு நமக்கும் பயன்படும். படைப்பென்பதைக் கிறித்தவருட் பலர் இன்மையினின்று உண்டாக்குதல் என்பர். நம் சித்தாந்தமோ, காரணமாகிய மாயையில் உள்ளதாய காரியத்தை இறைவன் தோற்றுவித்தல் என்னும். இவ்விரண்டையும் ஒரு சொல்லால் வழங்கி வாதிடின் இருதிறத்தாரும் தத்தம் நிழலோடு பொருதவராவர். ஆதலின் சொல்லின் பொருளை முன்னர்த் துணிந்து பின்னர் வாதத்திற் புகுதலே அறிவுடையார் கடனாமென்க.