தகுதிக் குறிப்பில் வராதவை: ஆஸ்பெர்கரின் வியன்னா

குழந்தை மனநல மருத்துவர் ஒருவரின் புத்தகம் வந்தால் பின்னட்டையில் அவரைப் பற்றி நாலு வரி போடுவார்கள். எங்கே படித்தார், எந்த ஆஸ்பத்திரி, எப்போது துறைத்தலைவர் ஆனார். ஹான்ஸ் ஆஸ்பெர்கருக்கும் அப்படி ஒன்று உண்டு. 1906இல் பிறப்பு. 1931இல் வியன்னாவில் மருத்துவப் பட்டம், அதே ஆண்டு பல்கலைக்கழகக் குழந்தைகள் மருத்துவமனையில் வேலை. சில ஆண்டுகளில் அங்கிருந்த சிகிச்சைக் கல்விப் பிரிவின் தலைமை. 1944இல் ஆட்டிசம் பற்றிய புகழ்பெற்ற ஆய்வு. 1957இல் இன்ஸ்ப்ரூக்கிலும் 1962இல் மறுபடி வியன்னாவிலும் பேராசிரியர். 1980இல் மரணம். எங்கேயும் தடுக்காமல் வழுவழுவென்று போகிற பட்டியல். இவ்வளவு வழுவழுப்பு எப்படி வந்தது என்பதுதான் கேள்வி.

முதல் வரியையே எடுத்துக்கொள்வோம்: வேலை கிடைத்தது. எப்படிக் கிடைத்தது? அந்த மருத்துவமனைக்கு 1930இல் தலைவராக வந்த ஃபிரான்ஸ் ஹாம்பர்கர் தீவிர யூத வெறுப்பாளர், பிறகு நாஜிக் கட்சிக்காரர். அவர் பொறுக்கி எடுத்த இளைஞர்களில் ஒருவர் ஆஸ்பெர்கர். சிகிச்சைக் கல்விப் பிரிவோ எர்வின் லாசர் 1911இல் தொடங்கியது. அங்கே ஏற்கெனவே கியார்க் ஃபிராங்கல் என்ற மருத்துவரும், அன்னி வைஸ் என்ற உளவியலாளரும் இருந்தார்கள். இருவரும் யூதர்கள். அனுபவத்தில் ஆஸ்பெர்கருக்கு மூத்தவர்கள். 1932இல் லாசர் இறந்துபோகிறார். முப்பது வயது நிரம்பாத ஆஸ்பெர்கர் தலைமைக்கு வருகிறார். மற்ற இருவரும் அமெரிக்கா போய்ச் சேர்கிறார்கள். 'பதவி உயர்வு' என்ற ஒற்றைச் சொல் இத்தனையையும் விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கிறது. 1938 மார்ச்சில் ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்டபோது வியன்னா மருத்துவத்துறை ஆசிரியர்களில் பாதிக்கும் மேல் துரத்தப்பட்டார்கள். அந்த வருஷங்களில் அங்கே யாருடைய பின்னணிக் குறிப்பிலும் காலி நாற்காலியின் நிழல் விழாமல் இல்லை.

"சரி, ஆனா அவர் கட்சியில சேரலையே" என்பார்கள். உண்மைதான், சேரவில்லை. பிற்பாடு இதுவே அவருக்கு நற்சான்றிதழ் ஆனது. கட்சியின் கிளை அமைப்புகள் பலவற்றில் சேர்ந்ததும், 1938 அக்டோபர் உரையில் மரபுநோய்த் தடுப்புச் சட்டத்துக்கு ஆதரவாகப் பேசியதும் சான்றிதழில் வரவில்லை. வரிசையிலிருந்து விலகி நிற்பதெல்லாம் தாழ்ந்தது ஆகாது என்று சொன்னதும் அதே உரையில்தான். இரண்டையும் ஒரே வாயால் சொன்னார் என்பதை மறந்துவிடக்கூடாது.

1940 ஜூலையில் வியன்னாவின் ஸ்டைன்ஹாஃப் மனநல மருத்துவமனை வளாகத்தில் 'ஆம் ஸ்பீகல்கிரண்ட்' என்ற குழந்தைகள் நிலையம் திறக்கப்பட்டது. போர் முடிவதற்குள் அங்கே 789 குழந்தைகள் செத்தார்கள். தூக்க மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, உடம்பு தளர்ந்து நிமோனியா வந்து சாகும்படி விட்டார்கள். பதிவேட்டில் நிமோனியா என்றுதான் இருக்கும். முதல் இயக்குநர் எர்வின் யெகேலியுஸ், ஹாம்பர்கர் துறையில் ஆஸ்பெர்கரோடு வேலை பார்த்தவர்.

1941 ஜூனில் மூன்று வயது நிரம்பாத ஒரு பெண் குழந்தையை ஆஸ்பெர்கர் பரிசோதித்தார். மூளைக் காய்ச்சலால் பாதிக்கப்பட்ட பிள்ளை. ஆரோக்கியமான ஐந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய தாய்க்கு இது தாங்கமுடியாத சுமை என்றும், ஸ்பீகல்கிரண்டில் நிரந்தரமாகச் சேர்ப்பது அவசியம் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். செப்டம்பர் ஆரம்பத்தில் குழந்தை இறந்தது. நிமோனியா. அங்கே நடப்பது அவருக்குத் தெரியுமா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் சச்சரவு உண்டு. தெரிந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு என்று, வியன்னா ஆவணங்களைத் தோண்டியெடுத்த ஹெர்விக் செக் 2018இல் எழுதினார்.

மூன்று வருஷம் கழித்து வந்த ஆய்வில் நான்கு பையன்கள். யாரோடும் ஒட்டாதவர்கள், கணக்கிலோ சொந்தமாய் யோசிப்பதிலோ கெட்டிக்காரர்கள். இவர்களைத் தள்ளிவிடாதீர்கள், சமூகத்தில் இவர்களுக்கு ஒரு இடமுண்டு என்று ஆஸ்பெர்கர் வாதாடுகிறார். நெகிழ்ந்துபோய்ப் படிக்கலாம். நல்லவரா கெட்டவரா என்று தராசு பிடிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. காப்பாற்றிய வாதத்தையும் அனுப்பிவைத்த குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டிலும் அளவுகோல் ஒன்றுதான்: இந்தப் பிள்ளை எதற்குப் பயன்படும்? அந்தப் பையன்களுக்காக அவர் பேசிய ஒவ்வொரு வாக்கியமும், பயன்படாது என்று முடிவான பிள்ளைக்கு எதிராகவும் பேசிக்கொண்டிருந்தது.

ஃபூக்கோவைப் படித்த நமக்கு அதிகாரம் என்றதும் பூட்டும் மதில்சுவரும்தான் கண்ணில் வரும். அந்தப் பிரிவில் மதில் தெரியாது. பாட்டும் விளையாட்டும் கதையுமாக இருந்த இடம் அது. விக்டோரினே சாக் என்ற தாதி நடத்திய விளையாட்டு நேரத்தில்தான் பிள்ளைகளை உற்றுக் கவனித்தார்கள். (அவர் 1944இல் குண்டுவீச்சில் இறந்தார்.) பிரியத்தோடு கவனிப்பதும் தரம் பிரிப்பதும் ஒரே வேலையின் இரண்டு பக்கமாக இருக்கமுடியும். அந்தத் துறையும் அப்படித்தான் உருவெடுத்தது: குழந்தை மனநல மருத்துவத்துக்கும் சிகிச்சைக் கல்விக்குமான ஜெர்மன் சங்கம் கூடித் தொடங்கியது 1940 செப்டம்பரில், அதே வியன்னாவில். ஸ்பீகல்கிரண்ட் திறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

காலமே அப்படி, வேறு என்ன செய்வார் என்பவர்கள் லியோ கன்னரைப் பார்க்கலாம். கலீசியாவில் பிறந்து 1924இல் அமெரிக்கா போன யூதர். 1930இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் குழந்தை மனநலப் பிரிவைத் தொடங்கியவர். வியன்னா வெளியே தள்ளிய ஃபிராங்கலுக்கு வேலை கொடுத்தவரும் இவர்தான். மூளைவளர்ச்சி குன்றிய குழந்தைகளைக் கொன்றுவிடலாம் என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஒருவரே 1942இல் ஒரு மருத்துவ இதழில் வாதிட்டபோது, அதே இதழில் கன்னர் எதிர்த்து எழுதினார். அவரும் குறையில்லாதவர் இல்லை. ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோரை அன்பு உறைந்தவர்கள் என்று எழுதி எத்தனையோ தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர். ஆனால் யார் வாழலாம் என்ற கேள்விக்கு அவர் பயனை அளவாக வைக்கவில்லை.

1974இல் வானொலிப் பேட்டி ஒன்றில், கெஸ்டபோ தன்னைத் தேடியதாக ஆஸ்பெர்கர் சொன்னார். உலகம் நம்பியது. 1981இல் லோர்னா விங் அவர் பெயரை ஒரு நோய்க்குறிக்குச் சூட்டினார். 1994இல் அமெரிக்க மனநலக் கையேட்டில் ஏறிய அந்தப் பெயர் 2013இல் இறங்கியது. இறங்கியதற்குக் காரணம் வகைப்பாட்டுச் சிக்கல்தான். கோப்புகள் பேச ஆரம்பித்தது அதற்கப்புறம்.

ஸ்பீகல்கிரண்டில் வேலை பார்த்த ஹைன்ரிக் கிராஸுக்கும் ஒரு நாலு வரி இருந்தது: மூளை ஆய்வாளர், நீதிமன்ற மனநல நிபுணர், 1975இல் அறிவியலுக்கான ஆஸ்திரிய கௌரவச் சிலுவை. அவர் ஆய்வுக்கட்டுரைகளுக்குப் பயன்பட்டவை அங்கே செத்த குழந்தைகளின் மூளைகள். ஜாடிகளில் மிஞ்சியிருந்தவற்றை வியன்னா மத்தியக் கல்லறையில் புதைத்தது 2002இல்.