கொடை, இனாம், மானியம்: கொல்லிமலை உணர்த்தும் வரலாறு

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி கடையெழு வள்ளல்களுள் ஒருவன். வன்பரணர் அவனைப் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. கூத்தர்க்கு அவன் நாடு வழங்கிய செய்தியைச் சிறுபாணாற்றுப்படை குறிக்கிறது. அக்கொடைக்கு விண்ணப்பமும் இல்லை, சான்றிதழும் இல்லை. கொடுப்பவனின் உள்ளமே அதற்குச் சட்டம். பெறுபவன் அதனைப் பேறாகக் கொள்ளலாம்; உரிமையாகக் கோர இயலாது.

பின்வந்த அரசுகளின் காலத்தில் கொடை ஆவணத்துக்குள் புகுந்தது. 'இனாம்' என்பது 'இன்ஆம்' என்னும் அரபுச் சொல்; அருட்கொடை என்பது அதன் பொருள். அதற்குரிய பத்திரம் 'சன்னது' எனப்பட்டது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரைக் குறிக்கும் 'ஸனத்' என்னும் அதே சொல்லே இது. தொடரின்றிச் செய்திக்கு வலுவில்லை என்பது போலச் சன்னதின்றி இனாமுக்கும் வலுவில்லை என்றாயிற்று. 1858இல் சென்னை மாகாணத்தில் அமைந்த இனாம் கமிஷன் ஒவ்வோர் இனாம்தாரரிடமும் ஆதாரம் கேட்டது. பத்திரம் இல்லாதோர் ஐம்பது ஆண்டு அனுபவத்தை நிறுவினால் அதுவும் ஏற்கப்பட்டது. கொடுப்பவரின் உள்ளம் பின்னுக்குப் போய், பெறுபவரின் சான்று முன்னுக்கு வந்த காலம் அது.

குடியரசான பின் இந்நிலை மேலும் மாறியது. பழங்குடியினர் நலனுக்காக மத்திய அரசு மாநிலங்களுக்கு மானியம் வழங்குவதற்கு அரசியல் சட்டத்தின் 275ஆவது பிரிவு வழி செய்கிறது. பழங்குடியினர் யாவர் என்பதை 342ஆவது பிரிவின்படி வெளியிடப்படும் பட்டியல் தீர்மானிக்கிறது. ஆக, மானியம் கருணை என்னும் நிலையிலிருந்து சட்டத்தின் எல்லைக்குள் வந்தது. ஆயினும் அதன் வாயில், பட்டியலில் உள்ள ஒரு வரியே.

கொல்லிமலையின் குடிகள் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்தாரைக் குறிக்கும் சொல்லாக இதனைக் கொள்ளலாகாது. மலையை ஆள்வோர் என இதற்குப் பொருள் கூறுவர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகப் பழங்குடியினர் 7,94,697 பேர். அவருள் மலையாளிகள் 3,57,980 பேர். 1976ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இவர்களை மாவட்டப் பெயர்களுடன் பட்டியலிட்டது: தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி. கொல்லிமலை அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமான பின்னரும் அத்தகுதி தொடர்ந்தது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகளோ அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தினர். அம்மாவட்டத்தின் பெயர் அந்த வரியில் இல்லை. ஒரே பெயருடைய குடியினரில் ஒரு மலையினர்க்கு வாயில் திறந்தது, மறு மலையினர்க்கு அடைபட்டது.

இதன் விளைவு கல்வி உதவித்தொகையோடு முடிவதன்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி, பட்டியலில் உள்ள பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வன நிலத்தை அனுபவித்து வருவதை நிறுவினால் போதும். ஏனையோர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அவ்வனப்பகுதியில் வாழ்ந்ததை நிறுவ வேண்டும். இனாம் கமிஷன் கேட்டது ஐம்பது ஆண்டு என்பதை ஈண்டு நினைவிற் கொள்க.

பட்டியலில் இருப்பதும் முற்றுப்புள்ளி ஆகாது. 1989 நவம்பருக்குப் பின் தமிழகத்தில் பழங்குடிச் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் வட்டாட்சியரிடமிருந்து கோட்டாட்சியருக்கு மாற்றப்பட்டது. மேலும் பழங்குடியினர் யாவருக்கும் எல்லாத் திட்டமும் உரியதன்று. 2023 நவம்பரில் தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டம் மிகவும் நலிந்த பழங்குடிகளுக்கு மட்டுமே உரியது. தமிழகத்தில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்னும் அறுவரே அவ்வகையினர். மலையாளிகள் அதில் இல்லை. எனவே ஒரு திட்டத்தின் பெயரைக் கேட்டவுடன் மனு எழுத முற்படாமல், அது யாருக்கென வரையறுக்கப்பட்டது என்பதை முதலில் படித்தறிதல் வேண்டும்.

வரையறை தவறினால் என் செய்வது? கலீஃபா உமர் (ரலி) அவர்கள் உதவித்தொகை பெறுவோரின் பெயர்ப் பதிவேடாகிய 'தீவானை' நிறுவினார்கள். அது ஹிஜ்ரி 15இல் என்றும் 20இல் என்றும் வரலாற்றாசிரியர் உரைப்பர். பால்குடி மறந்த குழந்தைக்கே தொகை என்பது முதல் விதி. ஓர் இரவு இடையறாது அழுத குழந்தையின் தாயை அவர்கள் வினவியபோது, தொகை பெறுவதற்காகவே முன்கூட்டிப் பால் மறக்கச் செய்வதாக அவள் கூறினாள். மறுநாளே, பிறந்த நாள் முதல் தொகை உண்டென விதி மாற்றப்பட்டது என இப்னு ஸஅது பதிவு செய்கிறார்.

பதிவேடின்றி நீதியான பங்கீடு இல்லை. அப்பதிவேட்டில் விடுபட்டவரின் குரலைக் கேட்டுத் திருத்துவதும் அதே நீதியின் பகுதியே. உமர் (ரலி) அவர்களின் தீவான் ஒரே இரவில் திருந்தியது. பர்கூர் மலையினர் 1976 முதல் காத்திருக்கின்றனர்.