யாருக்கும் வேண்டாத பெட்ரோல் வண்டி

எபிசோடின் எழுத்து வடிவம், கொஞ்சம் சுருக்கித் திருத்தியது.

போன வாரம் முத்துக்குளிப்பு பத்திப் பேசினப்போ ஒரு விஷயத்தைச் சொல்லாம விட்டுட்டேன். தூத்துக்குடியில சலாபம் நடந்த காலத்துல, கரைக்கு வந்த சிப்பியைத் திறந்து காட்டி விக்க மாட்டாங்க. ஆயிரம் ஆயிரமா எண்ணி, மூடின சிப்பியாவே ஏலம் விடுவாங்க. காசு கைமாறின பிறகுதான் உள்ள முத்து இருக்கா, வெறும் சதைதானான்னு தெரியும். மன்னார் வளைகுடாவுல இந்தியப் பக்கம் கடைசி சலாபம் 1961-ல நடந்தது. அதோட அந்த மாதிரி வியாபாரமும் முடிஞ்சுதுன்னு நினைச்சேன். 2024-ல எங்க வீட்டுக்கு ஒரு பழைய வண்டி தேடிப் போனப்போதான் அது முடியலைன்னு தெரிஞ்சுது.

வீட்டுல நாங்க ஏழு பேர். ஆச்சி, அப்பா, அம்மா, அக்கா, அத்தான், அவங்க பையன், அப்புறம் நான். நான் சென்னையில கோடு எழுதிட்டு மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போறவன். ஏழு பேரும் ஒண்ணா திருச்செந்தூர் போகணும்னா நாப்பது கிலோமீட்டருக்கு ரெண்டு வண்டி பிடிக்கணும். அதனால ஏழு சீட் வண்டி, செகண்ட் ஹேண்ட், பட்ஜெட் அஞ்சு லட்சம். அப்பா ரெண்டே கண்டிஷன் போட்டார். பெட்ரோல் வண்டியா இருக்கணும். வாங்கின உடனே ஆர்சி-யில பேர் மாத்தணும். முதல் கண்டிஷனைக் கேட்டு நான் சிரிச்சேன். ரெண்டாவதுக்குச் சிரிக்கல. அது ஏன்னு கடைசியில சொல்றேன்.

முதல்ல பெட்ரோல். நம்ம ஊர்ல நடுத்தரக் குடும்பம் மொத்தமா ஏறிப் போற பெட்ரோல் வேன்னா அந்தக் கதை 1984-லதான் தொடங்குது. மாருதி 800 வந்தது 1983 டிசம்பர்ல. அடுத்த வருஷமே 'மாருதி வேன்' வந்துடுச்சு. ஜப்பான்ல சுசுகி கேரின்னு ஓடிட்டிருந்த வண்டிதான் அது. 1988-ல பேரு ஓம்னி ஆச்சு. 800-ல இருந்த மாதிரியே 796 சிசி, மூணு சிலிண்டர் இன்ஜின், ஆனா முன் சீட்டுக்கு அடியில. சித்திரை மாசத்துல டிரைவர் பக்கத்துல உக்காந்து போனவங்களுக்கு அது எங்க இருக்குன்னு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

எல்லாரும் அதைத் தமிழ் சினிமாவோட கடத்தல் வேனாத்தான் ஞாபகம் வச்சிருக்கோம். எங்க கரைப் பக்கத்துல அது ஸ்கூல் வேன், பனிமய மாதா திருவிழாவுக்கு ஊர்ல இருந்து ஆள் கொண்டு வர்ற வேன், ஆம்புலன்ஸ், சாயங்காலம் மீன் கூடை ஏத்துற வேன். எட்டு சீட் மாடல்னு கம்பெனி சொல்லும். எட்டோட நிறுத்தினவங்களை நான் பார்த்ததில்லை.

அப்பா 2003-ல 1997 மாடல் ஓம்னி ஒண்ணு வாங்கினார். ஷிப்பிங் ஆபீஸ் கிளார்க் சம்பளத்துல அதுதான் முடிஞ்சுது. எனக்கு அப்போ ஆறு வயசு. பெட்ரோல் செலவு தாங்காம நிறைய பேர் வீட்டு கேஸ் சிலிண்டரைப் பின்னாடி வச்சு ஓட்டின காலம் அது. சட்டப்படி குற்றம், தீப்பிடிச்சா உள்ள இருக்கிறவங்க அவ்வளவுதான். அதுல பாதி ஸ்கூல் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போன வண்டி. பின்னாடி கம்பெனியே எல்பிஜி ஓம்னி விட்டது. எங்க வண்டியில சிலிண்டர் வைக்க ஆச்சி விடல. "பிள்ளையள உக்கார வச்சு அடுப்பை முதுகுல கட்டுவியோ?"ன்னு அப்பாவைக் கேட்டாங்களாம். அந்தப் பேச்சு அதோட முடிஞ்சுது.

2001-ல அதே மாருதி, வெர்சான்னு ஒரு வண்டி விட்டது. 1.3 லிட்டர் பெட்ரோல், முன்னாடியும் பின்னாடியும் ஏசி, விளம்பரத்துல அமிதாப் பச்சனும் அபிஷேக் பச்சனும். வண்டி ஓடல. நான் சொல்றது விற்பனையை. அந்தக் காசுக்குப் பெரிய குடும்பக்காரங்க டீசல் வண்டி பக்கம் பார்த்தாங்க. டொயோட்டா குவாலிஸ் 2000-லயே வந்தாச்சு. 2010-ல வெர்சாவோட உடம்பை வச்சுக்கிட்டு, ரெட்டை ஏசியை எல்லாம் கழட்டி, 1.2 லிட்டர் இன்ஜின் போட்டு, விலையைக் குறைச்சு ஈகோன்னு விட்டாங்க. அது இன்னிக்கும் ஓடுது.

டீசல் மேல ஏன் அப்படி ஒரு மோகம்? டீசல் அப்போ அரசாங்கம் விலை வைக்கிற சரக்கு. லாரி, பஸ், டிராக்டர், நம்ம விசைப்படகு எல்லாம் அதுல ஓடுறதால விலையை அடக்கி வச்சாங்க. பெட்ரோல் விலையை 2010 ஜூன்ல எண்ணெய் கம்பெனிங்க கையில விட்டாச்சு. டீசலை விடல. இடைவெளி ஏறிக்கிட்டே போச்சு. 2012 மே கடைசியில டெல்லியில பெட்ரோல் லிட்டர் ₹73.18, டீசல் ₹40.91. லாரிக்குன்னு குறைச்ச விலையில காருங்க ஓடிச்சு. அந்தக் காலகட்டத்துல நாட்டுல வித்த கார்ல பாதிக்கும் மேல டீசல்.

சரியா அந்த 2012 ஏப்ரல்லதான் எர்டிகா வந்தது. ஏழு சீட், பெட்ரோல்லயும் டீசல்லயும். நான் இன்ஜினியர், கணக்குப் போடாம இருக்க முடியாது. பெட்ரோல் 1.4 லிட்டர், ஆரம்ப விலை ₹5.89 லட்சம், கம்பெனி சொன்ன மைலேஜ் லிட்டருக்கு 16.02 கிலோமீட்டர். டீசல் ₹7.30 லட்சத்துல ஆரம்பம், மைலேஜ் 20.77. டெல்லி எரிபொருள் விலைக்குப் பார்த்தா பெட்ரோலுக்கு ஒரு கிலோமீட்டருக்கு ₹4.57, டீசலுக்கு ₹1.97. வித்தியாசம் ₹2.60. கூடக் கொடுத்த ₹1.41 லட்சத்தை எடுக்க சுமார் 54,000 கிலோமீட்டர் ஓட்டணும். டிராவல்ஸ்காரருக்கு அது ஒரு வருஷ ஓட்டம். வாரத்துக்கு ஒரு தடவை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் எடுக்கிற வாத்தியாருக்குப் பத்து வருஷம்.

அப்போ அந்த வருஷங்கள்ல பெட்ரோல் எர்டிகா வாங்கினது யாரு? குறைச்சலா ஓட்டுறவங்க. அந்தக் காலத்துல அவங்களைப் பார்த்து ஊரே சிரிச்சது, என் அத்தான் உள்பட. விக்கப் போனா டீசலுக்குக் கிடைக்கிற மதிப்பு கிடைக்காது.

அப்புறம் காத்து திசை மாறிச்சு. 2013 ஜனவரியில இருந்து டீசல் விலையை மாசத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினாங்க. 2014 அக்டோபர்ல அதையும் அவுத்து விட்டாங்க. 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 விதி வந்தது. சின்ன டீசல் இன்ஜினை அதுக்கு ஏத்த மாதிரி மாத்துறது கட்டுப்படியாகாதுன்னு மாருதி டீசலையே நிறுத்திடுச்சு. பத்து வருஷம் யாருக்கும் வேண்டாத பெட்ரோல் ஏழு சீட்டரை இப்போ யார்டுல தேடுறாங்க. அப்பா இதையெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்லல. "பெட்ரோல் வண்டின்னா குடும்பக்காரன் வச்சிருந்திருப்பான். டீசல்னா வாடகைக்கு ஓடியிருக்கும்"னார். நான் ஒரு மணி நேரம் எக்செல் போட்டு வந்து சேர்ந்த இடமும் அதுதான்.

சரி, சிப்பியைத் திறக்காம எப்படிப் பார்க்கிறது? எங்க மெக்கானிக் அண்ணாச்சியைக் கூட்டிட்டுப் போனேன். அவர் பானெட்டைத் தொடவே இல்ல. முதல்ல தரையில படுத்தார். இந்தியாவுல குஜராத்துக்கு அடுத்து அதிகமா உப்பு விளையுற ஊரு நம்மது. கடல் காத்தும் உப்புப் புழுதியும் வண்டியை அடியில இருந்துதான் திங்கும். மேல புது பெயிண்ட் பளபளன்னு இருக்கும். வீல் ஆர்ச்சுக்கு உள்ள, கதவுக்கு அடிப் பட்டையில, பேட்டரி தட்டுக்குக் கீழ ஸ்க்ரூடிரைவரால தட்டினா பட்டியும் துருவும் சேர்ந்து உதிரும். ரெண்டு வண்டி அங்கேயே கழிஞ்சுது.

மூணாவது வண்டி அழகு. 2015 மாடல், மீட்டர்ல 48,000, விலையும் குறைவு. அண்ணாச்சி பின் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தார். முதல் ரெண்டு அடி சுத்தம், அதுக்கு மேல செம்மண் கறை. சீட்டைத் தரையில பிடிக்கிற போல்ட் எல்லாம் துரு. என்னைப் பார்த்து, "தம்பி, இது டிசம்பர்ல குளிச்சிருக்கு"ன்னார்.

எந்த டிசம்பர்னு எங்க ஊர்க்காரங்க கேக்க மாட்டாங்க. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறினது, ஸ்ரீவைகுண்டத்துல ரயில் நின்னு நூத்துக்கணக்கான பயணிகள் மாட்டிக்கிட்டது எல்லாம் நியூஸ்ல பார்த்திருப்பீங்க. டவுன்ல எத்தனையோ தெருவுல தண்ணி வடிய நாள் கணக்காச்சு. அந்தத் தெருவுல நின்ன வண்டிங்க எங்க போகும்? 2015 சென்னை வெள்ளத்துக்கு அப்புறம் நடந்ததுதான். இன்சூரன்ஸ் கம்பெனி மொத்த நஷ்டம்னு எழுதி ஏலத்துல விடும். யாராவது எடுத்து, காய வச்சு, சீட் கவர் மாத்தி, வேற ஊர் யார்டுல நிறுத்துவாங்க. ஒயரிங்குக்குள்ள போன சேத்துத் தண்ணி ஆறு மாசம் கழிச்சு வேலையைக் காட்டும். விக்கிறவர் "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் வண்டி"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டுல இருக்கிற அத்தனை டாக்டரும் நிஜமா இருந்தா நாட்டுல ஆஸ்பத்திரிப் பிரச்சினையே இருக்காது.

கடைசியில அமைஞ்சது 2013 பெட்ரோல் எர்டிகா. டிஎன் 69, ரெண்டாவது ஓனர், ரிட்டயர் ஆன ஒரு ஆசிரியர், 62,000 கிலோமீட்டர், நாலே முக்கால் லட்சம். தண்ணி வந்த ரெண்டு நாளும் வண்டி மதுரையில மகள் வீட்டுல நின்னிருக்கு. அங்க சர்வீஸ் விட்ட பில் தேதியோட வச்சிருந்தார். எனக்கு அந்த ஒரு பில் போதும்.

வண்டிக்கு ஒரு குறை இருக்கு. பங்க்ல இப்போ வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முன்னாடி வந்த கார்ல பெரும்பாலானது அதுக்காகச் செஞ்சது இல்ல. எத்தனாலுக்கு லிட்டருக்கு லிட்டர் சக்தி கம்மி. பழைய கார்ல மைலேஜ் 6, 7 சதவீதம் குறையலாம்னு நிதி ஆயோக் 2021-லயே அறிக்கையில சொல்லியிருக்கு. பெட்ரோல் குழாய் ரப்பரை வருஷா வருஷம் பார்க்கச் சொல்லி அண்ணாச்சி உத்தரவு. 2028-ல 15 வருஷம் முடியும். அப்போ ஆர்டிஓ ஆபீஸ்ல காட்டி, பசுமை வரி கட்டி, அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிக்கணும்.

இப்போ அந்த ரெண்டாவது கண்டிஷன்.

அப்பா அந்த ஓம்னியை 2009-ல வித்தார். தெரிஞ்சவர் மூலமா வந்த ஒருத்தர். ஃபார்ம் 29, 30-ல கையெழுத்து வாங்கிக்கிட்டார், காசைக் கொடுத்தார், "பேரை நான் மாத்திக்கிறேன் அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டுப் போனார். மாத்தல. அவர் இன்னொருத்தருக்கு வித்தார், அவர் இன்னொருத்தருக்கு. அதே ஃபார்ம், அதே கையெழுத்து. சட்டப்படி வித்தவரும் 14 நாளுக்குள்ள ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்கணும், வாங்கினவர் 30 நாளுக்குள்ள. அப்பாவுக்கு முதல் பாதி தெரியாது.

2013-ல விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துல இருந்து நோட்டீஸ் வந்தது. வேற மாவட்டத்துல அந்த ஓம்னி ஒரு சைக்கிள்காரர் மேல மோதி, அவர் இறந்துட்டார். எதிர்மனுதாரர்ல எங்க அப்பா பேரு. நான் அப்போ பதினொண்ணாவது. அப்பா அந்த நோட்டீஸை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. ரெண்டு வருஷம் வாய்தாவுக்கு அலைஞ்சார். நாலாவது கைக்காரர் இன்சூரன்ஸ் மட்டும் உயிரோட வச்சிருந்தார். அதனால பணம் இன்சூரன்ஸ் கொடுத்தது, நாங்க தப்பிச்சோம். இல்லைன்னா வீடு போயிருக்கும்.

நான் இதை அநியாயம்னுதான் ரொம்ப நாள் நினைச்சேன். 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் இதே மாதிரி ஒரு வழக்குல தீர்ப்பு சொன்னது. அங்கேயும் கைமாறிக் கைமாறிப் போன கார், ஆர்சி-யில முதல் ஆள் பேரு. ஆர்சி-யில யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்குத்தான்னு தீர்ப்பு. காரணத்தைப் படிச்சப்போ கோபம் கொஞ்சம் இறங்கிச்சு. அடிபட்ட குடும்பம் வண்டி எத்தனை கை மாறிச்சுன்னு ஊர் ஊரா தேடிட்டு அலைய முடியாதுன்னு கோர்ட் சொல்லுது. அந்த சைக்கிள்காரர் வீட்டுலயும் யாரோ பதினொண்ணாவது படிச்சிருக்கலாம். 2023 ஏப்ரல்ல இருந்து, பதிவு பெற்ற டீலர்கிட்ட வண்டியை ஒப்படைச்சு ஆன்லைன்ல தெரிவிச்சா, அடுத்த ஆள் வாங்குற வரைக்கும் டீலரே ஓனரா கருதப்படுவார்னு விதி வந்திருக்கு. தெரு புரோக்கருக்கு அது பொருந்தாது.

அதனால காசு கொடுத்த மறுநாளே ஆசிரியரையும் கூட்டிக்கிட்டு ஆர்டிஓ ஆபீஸ் போனோம். அவருக்கு எதுக்கு இவ்வளவு அவசரம்னு புரியல. மூணு வாரம் கழிச்சு புது ஆர்சி தபால்ல வந்தது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கிட்டு தன் பேருக்கு எழுத்து சரியா இருக்கான்னு ரெண்டு தடவை பார்த்தார். எங்கிட்ட நீட்டி, "வாத்தியாருக்குப் போன் போடு. பேரு மாறிட்டுன்னு சொல்லு"ன்னார். "அவருக்குத்தான் மெசேஜ் போயிருக்குமேப்பா"ன்னேன்.

"மெசேஜை யாரு பார்க்கா? போன் போடுடே."

போட்டேன்.