ஈட்டியும் கமராவும்

அலவத்துகொட மலைநாட்டு ஊர். கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருவீதியில், அக்குறணையைக் கடந்ததும் வருவது. கடலுக்கும் இவ்வூருக்கும் யாதொரு தொடர்பும் இல்லையென்றே தோன்றும். ஆயினும் அதே வீதியில் வடக்கே சென்று, தம்புள்ளையில் பிரிந்து, ஹபரணை வழியே போனால் திருகோணமலைக் கடலை அடையலாம். அவ்வழியே சென்று, விடியற்காலையில் இயந்திரப் படகேறி, திமிங்கிலத்தைப் படம்பிடித்துத் திரும்பினோம். கிடைத்த படம் பெரிதன்று: நீர்மட்டத்தில் ஒரு சாம்பல் நீல முதுகு, அதன்மேல் நீராவித் தூவல், பின்னர் மூழ்கும் வால். "இதற்காகவா இவ்வளவு தூரம் போனீர்கள்?" என்று ஊரார் கேட்டனர். நியாயமான கேள்விதான். அதற்கு விடை சரித்திரத்தில் இருக்கிறது. அச்சரித்திரம் நம்மைப் போன்றோருக்குச் சற்றுச் சங்கடமானதுமாகும்.

திமிங்கிலத்தை மனிதன் நெடுங்காலம் நோக்கியது ஈட்டியின் முனையிலிருந்தே. நார்வே நாட்டு ஸ்வென் ஃபோய்ன், வெடிகுண்டு பொருத்திய ஈட்டியை எறியும் பீரங்கிக்கு 1870ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். அதன்பின் கடலின் மிகப் பெரிய உயிரும், மிக விரைந்து நீந்தும் உயிரும் தப்ப வழியற்றுப் போயின. அவற்றின் கொழுப்பு சவர்க்காரமாயிற்று, மாஜரீனாயிற்று, இயந்திரங்களுக்கு மசகெண்ணெயாயிற்று. 20ஆம் நூற்றாண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 29 இலட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன என்பது ஆய்வாளரின் கணக்கு.

இலாபத்தையே தெய்வமாகக் கொண்ட முதலாளித்துவம் இதைச் செய்தது என்று கூறி நாம் முடித்துவிடலாம். அவ்வாறு முடித்தால் உண்மையில் ஒரு பாதியையே சொன்னவராவோம்.

1963க்கும் 1966க்கும் இடையில், அந்தார்ட்டிக்கை நோக்கிச் சென்ற சோவியத் வேட்டைக் கப்பல் தொகுதிகளான 'ஸ்லாவா'வும் 'சோவியத்ஸ்காயா உக்ராயினா'வும் வழியில் வட இந்து மாக்கடலிலும் அரபிக் கடலிலும் புகுந்து வேட்டையாடின. சர்வதேச விதிகளுக்கு அது மாறானது. 1,200க்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களும், 242 கூனல்முதுகுத் திமிங்கிலங்களும் அப்போது மாண்டன. வெளியுலகுக்கு அனுப்பப்பட்ட அறிக்கைகளில் இவற்றுக்கு இடமில்லை. அங்கே தனியார் இலாபம் இல்லை; ஆனால் திட்டக் குறியீடு இருந்தது. இத்தனை தொன் என்று மேலிடம் விதித்தது. விதித்ததற்கு மேல் கொணர்ந்தோர் வெகுமதி பெற்றனர். கடலில் மிச்சம் எத்தனை என்று கேட்கும் உரிமை எவருக்கும் இருக்கவில்லை.

அந்நாட்களில் சோவியத் நாட்டின் சாதனைகளைப் போற்றி எழுதிய பேனாக்கள் நம்மிடையே பல. அவை எழுதியவற்றில் மெய்யும் உண்டு. ஆனால் இக்கொலையை அவை அறியவில்லை, அறிய விடப்படவுமில்லை. அந்த இருளைக் கிழித்தவர்களும் அந்நாட்டு விஞ்ஞானிகளே என்பதை மறத்தலாகாது. கப்பலில் இருந்த உயிரியலாளர் சிலர் மெய்க் கணக்குகளை மறைவாகக் காத்து வைத்தனர். 1993இல் அலெக்சி யாப்லொகோவ் இந்த மோசடியை உலகறியச் செய்தார். மக்களின் பெயரால் நடப்பதாயினும், மக்களிடம் மறைக்கப்படும் கணக்கு மக்களுக்கு எதிரானதே.

இங்கேதான் கமராவின் பெருமை விளங்குகிறது. 1979இல் இந்து மாக்கடல் திமிங்கிலச் சரணாலயமாயிற்று; அதற்கான பிரேரணையைக் கொண்டுவந்தது சீஷெல்ஸ் என்னும் சின்னஞ்சிறு நாடு. 1982 முதல் 1984 வரை 'டூலிப்' என்னும் சிறு பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் இலங்கைக் கடலில் திமிங்கிலங்களைக் கொல்லாமலே ஆராய்ந்தனர். எண்ணெய்த் திமிங்கிலத்தின் வால் விளிம்பிலுள்ள வெட்டுகளும் வடுக்களும் ஒன்றுக்கொன்று வேறுபடும். நீலத் திமிங்கிலத்தின் தோற்புள்ளிகளும் அவ்வாறே. ஆகவே ஒரு புகைப்படம் ஓர் உயிரின் அடையாளச் சீட்டாகிறது. மறு ஆண்டு மீண்டும் கண்டால், அதே உயிர் என்று அறியலாம். முன்பு தொன் கணக்கில் எழுதப்பட்டவை இப்போது ஒவ்வொன்றாக எண்ணப்பட்டன.

திருகோணமலையில் கரைக்கு அண்மையிலேயே ஆழ்கடற் பள்ளத்தாக்கு இருப்பதால் திமிங்கிலங்கள் அருகே வருகின்றன. ஆனால் யுத்தம் அக்கடலை நெடுங்காலம் அடைத்து வைத்தது. மீனவருக்கே மறுக்கப்பட்ட கடலில் பார்வையாளருக்கு ஏது இடம்? 2009இல் யுத்தம் முடிந்த பின்னரே அங்கு படகுகள் தடையின்றிச் செல்லலாயின. தெற்கே மிரிஸ்ஸவிலும் இத்தொழில் அக்காலத்திலேயே வளர்ந்தது.

ஈட்டி போயிற்று; ஆபத்துப் போகவில்லை. உலகின் நெரிசல் மிக்க கப்பற் பாதைகளுள் ஒன்று தேவேந்திரமுனைக்குத் தெற்கே, நீலத் திமிங்கிலங்கள் இரை தேடும் நீரினூடே செல்கிறது. 2012இல் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த சரக்குக் கப்பலொன்றின் முகப்பில் நீலத் திமிங்கிலமொன்றின் உடல் மடிந்து கிடந்தது. அதன் புகைப்படம் அறிக்கைகள் சொல்லாததைச் சொல்லிற்று. இலங்கை விஞ்ஞானி ஆஷா டி வொஸ் போன்றோர் பல்லாண்டுகள் வாதாடினர். 2022இல் பெருங் கப்பற் கம்பனியொன்று தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே விலக்கிச் செலுத்தத் தொடங்கியது. எல்லாக் கப்பல்களும் அவ்வாறு செய்யவில்லை.

கமராவும் ஈட்டியாக மாறக்கூடும். நல்ல படம் வேண்டுமென்ற ஆசையில், காசு கொடுத்தவர் ஓட்டியை அவசரப்படுத்த, ஒரே திமிங்கிலத்தைப் பல படகுகள் சூழ்ந்து துரத்துவதுண்டு. எமது படகோட்டி ஓரிடத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். "அது வந்தால் வரட்டும், ஐயா" என்றார். அது வந்தது. எமது படம் சற்றுத் தூரமாகவே விழுந்தது.

ஊராருக்கு நாம் சொல்லும் விடை இதுதான்: எண்ணிக்கையைப் பொய்யாக எழுதலாம். வால் காட்டி மூழ்கும் அந்த ஒற்றை உயிர் இன்னும் இருக்கிறது என்பதற்கு, இப்படம் ஒரு சாட்சி.