எலும்பு கூடும் வழி

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் இருப்புப் பாதையில், திருப்பதிக்குத் தென்கிழக்கே, புத்தூர் என்னும் ஊர் இருக்கிறது. பழைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூருக்குத் தமிழகமெங்கும் உள்ள பெயர் கோயிலால் வந்ததன்று, கட்டினால் வந்தது. கை முறிந்தாலும் கால் முறிந்தாலும் "புத்தூர்க் கட்டு" என்று சொல்லாத ஊர் நம் நாட்டில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அங்கே ஒரு குடும்பத்தார் வழிவழியாக இத்தொழிலைச் செய்து வந்திருக்கின்றனர். முறிந்த இடத்தைக் கையால் நேர்செய்து, பச்சிலை விழுதும் முட்டையின் வெண்கருவும் தடவி, மூங்கிற் பத்தைகளை வைத்துத் துணியால் சுற்றுவது அங்குள்ள முறை.

பத்தை வைத்துக் கட்டினாலும், மாவுக்கட்டுப் போட்டாலும், எஃகுத் தகடு வைத்துத் திருகாணியால் முடுக்கினாலும், ஓர் உண்மையை நாம் நினைவில் வைத்தல் வேண்டும். கட்டு எலும்பைக் கூட்டுவதில்லை. முறிந்த முனைகளை அசையாமல் நிறுத்தி வைப்பதே அதன் வேலை. கூட்டும் வேலையைச் செய்வது உடலேயாகும். அவ்வேலையை உடல் எதைக்கொண்டு செய்கிறது? கட்டுக்குள்ளே, தோலுக்கும் தசைக்கும் அடியில், யார் கண்ணுக்கும் புலப்படாமல் நடக்கும் அந்த வேலையை மனிதன் எவ்வாறு பார்த்தறிந்தான்? இக்கட்டுரையில் நாம் காணப் போவது அந்த வரலாறேயாகும்.

எலும்பு உலர்ந்த கல் போன்றது என்னும் எண்ணம் பொதுமக்களிடையே இன்றும் உண்டு. 1691-ஆம் ஆண்டிலேயே கிளாப்டன் ஹேவர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், கெட்டியான எலும்புக்குள் நுண்ணிய கால்வாய்கள் ஓடுவதை விவரித்தார். ஆயின், அவை மச்சையின் எண்ணெய்ப் பசை செல்லும் வழிகள் என்றே அவர் கருதினார். அக்கால்வாய்களில் ஓடுவது குருதிக் குழாய் என்பது பின்னரே தெளிவாயிற்று. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர் 1763-இல், எலும்பின் தோற்றத்துக்கு மூலம் தமனியே என்று கூறினார். அதை மெய்ப்பிக்கும் கருவி அவர் காலத்தில் இல்லை.

1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். உயிருள்ள மனிதனின் எலும்பு முறிவைக் கண்ணால் காணும் பேறு அதனால் மருத்துவர்க்குக் கிட்டியது. எனினும் அக்கதிர் காட்டுவது சுண்ணாம்புச் சத்து நிறைந்த பகுதியை மட்டுமே. குருதிக் குழாய்கள் அதில் நிழலாகவேனும் தெரிவதில்லை. கட்டிடம் தெரிந்தது, அதைக் கட்டும் ஆட்களும் அவர்கள் வந்த வழியும் தெரியவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்குறையைப் போக்க முயன்றவர்களுள் முதன்மையானவர் யோசெப் துருயேட்டா. பார்சிலோனாவில் உள்நாட்டுப் போரிற் காயமுற்றவர்களுக்குச் சிகிச்சை செய்த அவர், 1939-இல் இங்கிலாந்து சென்று, பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியரானார். விலங்குகளின் தமனிகளிற் சாயம் முதலிய கலவைகளைச் செலுத்தி, எலும்பின் குழாய் அமைப்பை அவரும் அவருடைய துணைவர்களும் ஆராய்ந்தனர். எலும்பு உண்டாவதில் குருதிக் குழாய்களுக்குள்ள பங்கினை 1963-இல் அவர் விரிவாக எழுதினார். அதே காலத்தில் அமெரிக்காவில் ரைன்லாந்தர் என்பவர், குழாய்களில் பேரியக் கலவையை நிரப்பி நுண்கதிர்ப்படம் எடுத்து, முறிவு கூடும்போது குழாய்கள் எவ்வாறு கிளைக்கின்றன என்பதைப் பதிவு செய்தார்.

இம்முறைகள் அருமையானவை, ஆனால் எல்லையுடையவை. கலவை நுழைவது வாய் திறந்த குழாய்களில் மட்டுமே. அப்பொழுதுதான் முளைவிடும் குழாய் மொட்டுக்கு உள்வழி ஏது? அன்றியும், நோயாளியிடமிருந்து அறுவையின்போது எடுத்த சிறு துணுக்கிற் சாயத்தை எங்ஙனம் செலுத்துவது? குழாயை நிரப்பிக் காண்பதைவிட, குழாயின் சுவரையே இனங்காணும் வழி ஒன்று வேண்டியிருந்தது. அந்த வழி எலும்பு மருத்துவத்திலிருந்து வரவில்லை. நோய்த் தடுப்பு ஆராய்ச்சியிலிருந்து வந்தது.

எதிர்ப்பொருள் என்பது யாது? புறத்தேயிருந்து உடலுட் புகும் பொருளை இனங்கண்டு பற்றிக்கொள்ளும் புரதம் அது. 1890-இல் பெர்லினில் பேரிங்கும் கிட்டசாட்டோவும், தொண்டை அடைப்பான், இழுப்பு நோய் ஆகியவற்றின் நஞ்சை முறிக்கும் ஆற்றல் சில விலங்குகளின் சீரத்தில் உண்டாவதைக் காட்டினர். பாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியிலிருந்து மருந்து எடுப்பது நம் நாட்டில் பலரும் அறிந்த செய்தி. அம்மருந்தின் சாரம் எதிர்ப்பொருளே.

அதன் தனிச் சிறப்பு தேர்ந்து பற்றுதல் ஆகும். திருமலைப் பிரம்மோற்சவத்தில் பல்லாயிரவர் நெருக்கியடித்து நிற்கையிலும் ஒரு தாய் தன் குழந்தையின் கையையே பற்றுவாள். பிறர் குழந்தையின் கையைப் பற்றமாட்டாள். எதிர்ப்பொருளும் அத்தகையதே. அதன்மீது ஒரு விளக்கை ஏற்றிவிட்டால், அது போய்ப் பற்றிய இடம் எதுவென்று நமக்குத் தெரிந்துவிடும் அன்றோ? இவ்வெளிய எண்ணத்தை 1941-இல் ஹார்வர்டில் ஆல்பர்ட் கூன்ஸ் என்பவர் செயலாக்கினார். ஒளிரும் பொருள் ஒன்றை எதிர்ப்பொருளோடு பிணைத்து, புற ஊதாக் கதிரில் அது ஒளிர்வதைக் காட்டினார். 1966-இல் நகானேயும் பியர்ஸும், ஒளிரும் பொருளுக்குப் பதிலாக நிறத்தை உண்டாக்கும் நொதியைப் பிணைத்து, சாதாரண நுண்நோக்கியிலேயே காண வழி செய்தனர்.

இனி, குருதிக் குழாயின் சுவருக்கு உரிய அடையாளம் ஒன்று வேண்டும். குழாயின் உட்புறத்தை ஒரே அடுக்காக மெல்லிய உயிரணுக்கள் போர்த்தியிருக்கின்றன. 1973-இல் நியூயார்க்கில் எரிக் ஜாஃபே முதலியோர், மனிதத் தொப்புட்கொடியின் குழாயிலிருந்து அவ்வுயிரணுக்களை எடுத்து வளர்த்தனர். குருதி உறைதலில் உதவும் ஒரு புரதம் அவற்றினுள் இருப்பதை எதிர்ப்பொருள் கொண்டு காட்டினர். ஃபான் வில்லெபிராண்ட் காரணி என்று அதனை இன்று அழைக்கின்றனர். இரண்டாண்டுக்குப் பின், 1975-இல், கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகையான எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உண்டாக்கும் முறையைக் கண்டனர். 1984-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதன்பின் குழாய்ச் சுவரின் அடையாளங்கள் பல தெரியவந்தன. சி.டி.31 என்று எண்ணிட்ட புரதம் அவற்றுள் பெருவழக்குடையது.

எலும்பை இம்முறையால் ஆராய்வது எளிதன்று. நுண்நோக்கியிற் காண, மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்கு கனமுள்ள சீவல் வேண்டும். எலும்பை அங்ஙனம் சீவுதற்கு முதலில் அதன் சுண்ணாம்பை நீக்க வேண்டும். கடும் அமிலத்தில் இட்டால் சுண்ணாம்பு விரைவில் நீங்கும். ஆனால் எதிர்ப்பொருள் தேடும் அடையாளமும் சிதைந்து போகும். ஆகவே மென்மையான கரைசலில் நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் ஊறவைத்தல் வேண்டும். பிறகு சீவலின்மீது எதிர்ப்பொருளை இட்டு, பற்றாததைக் கழுவி, நிறமூட்டினால், குழாய்கள் ஒவ்வொன்றும் பழுப்பு வளையமாகத் தோன்றும். அவற்றை எண்ணலாம். "குருதியோட்டம் மிகுதி", "குறைவு" என்ற சொற்களுக்குப் பதிலாக எண்கள் வந்தன.

முறிந்த இடத்தில் நிகழ்வது யாது? முதலில் குருதி கொட்டி உறைகிறது. உறைந்த குருதிக்குள் புதுக் குழாய்கள் முளைவிட்டு நுழைகின்றன. மென்மையான குருத்தெலும்பு உண்டாகி இடைவெளியை நிரப்புகிறது. பின்னர்க் குழாய்கள் அதனுட் புகுந்தபின் அது மெய்யான எலும்பாக மாறுகிறது. எலும்பின் இழைப்பொருளாகிய கொலாஜன் மும்முறுக்குக் கயிறு போன்றது என்று 1954-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் காட்டினார்கள். அக்கயிறு திரிக்கப்படும் களத்துக்கு உணவும் உயிர்வளியும் கொண்டு செல்வது குருதிக் குழாயே.

குழாய் இல்லாவிடில் எலும்பு கூடுமா? 2001-இல், புதுக்குழாய் முளைப்பதைத் தடுக்கும் மருந்தை எலிகளுக்குச் செலுத்தியபோது முறிவு கூடவில்லை என்று அமெரிக்காவில் கண்டனர். 2002-இல் வேறு ஆய்வாளர்கள், குழாய் வளர்ச்சியைத் தூண்டும் இயற்கைப் புரதத்தைத் தடுக்கும் பொருள் ஒன்றைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தினர்; அப்பொருள், எதிர்ப்பொருளின் வால்பகுதியைப் பிணைத்துச் செய்யப்பட்டது. குழாயும் குறைந்தது, எலும்பும் குறைந்தது. அத்தூண்டு புரதத்தையே முயல்களின் எலும்பு இடைவெளியில் இட்டபோது எலும்பு மிகுதியாக வளர்ந்தது. ஹாலர் கூறியது ஏறத்தாழ 240 ஆண்டுகளுக்குப் பின் இங்ஙனம் மெய்ப்பிக்கப்பட்டது.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. சில முறிவுகள் பல மாதங்கள் கழிந்தும் கூடுவதில்லை. அவற்றுள் முனைகள் மெலிந்து, எலும்பு வளராமலே நின்றுவிடும் வகையைப் பற்றி, "அங்கே குருதிக் குழாய் இல்லை, அதனால்தான் கூடவில்லை" என்றே பாடநூல்கள் நெடுங்காலம் கூறி வந்தன. 2002-இல் பிரிட்டனில் ஹேமிஷ் சிம்ப்சன் முதலிய ஆய்வாளர்கள், நோயாளிகளிடமிருந்து எடுத்த துணுக்குகளில் குழாய்களை இனங்கண்டு எண்ணினார்கள். கூடாத முறிவிலும் குழாய்கள் இருந்தன. கூடும் முறிவைவிடக் குறைவாக இல்லை! அப்படியாயின் குருதிக்கும் கூடுதலுக்கும் தொடர்பில்லையா? மறு ஆண்டில் எலிகளைக் கொண்டு அவர்கள் செய்த ஆய்வு விடை தந்தது. கூடாத முறிவில் முதல் வாரத்திற் குழாய்கள் மிகக் குறைவு. எட்டாம் வாரத்தில் இரு வகையிலும் ஒரே அளவு. குழாய்கள் வந்தன, காலந்தாழ்த்தி வந்தன. முதல் மூன்று வாரத்திற் குருதி குறைந்தால் எலும்பு கூடாமற் போகலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு. விதைப்புக் காலத்தில் வராத நீர், அறுவடைக் காலத்தில் வந்து என்ன பயன்?

குழாய்கள் அனைத்தும் ஒரே தன்மையின அல்ல என்பதும் பிறகு தெரிந்தது. ஜெர்மனியில் மூன்ஸ்டர் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிலையத்தில் அஞ்சலி குசும்பே, சரவண இராமசாமி, ரால்ஃப் ஆடம்ஸ் ஆகியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்பமாகும். சி.டி.31, எண்டோமியூசின் என்னும் இரு அடையாளங்களையும் எதிர்ப்பொருளால் ஒருங்கே தேடியபோது, சுண்டெலியின் எலும்பில் இரண்டும் மிகுந்துள்ள ஒரு தனிவகைக் குழாய் தென்பட்டது. எலும்பை உண்டாக்கும் முன்னோடி உயிரணுக்கள் அக்குழாய்களை ஒட்டியே குழுமியிருந்தன. வயது ஏற ஏற அவ்வகைக் குழாய்கள் அருகின. முதியோர்க்கு எலும்பு ஏன் மெலிகிறது என்னும் பழங்கேள்விக்கு இது புதியதொரு வாயிலைத் திறந்தது.

இவ்வாராய்ச்சி நம் வீட்டுக்கு என்ன சொல்கிறது? முறிவு நேர்ந்த முதல் நாட்களே விலைமதிப்பற்றவை. 1881-இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபோல்க்மன், இறுக்கிய கட்டினால் குருதி தடைப்பட்டுக் கையின் தசைகள் சுருங்கி விரல்கள் வளைந்துபோவதை விளக்கி எழுதினார். அந்த எச்சரிக்கை இன்றும் செல்லும். கட்டு எவர் கட்டியதாயினும், விரல்கள் குளிர்ந்தாலும், வெளுத்தாலும், நீலம் பாய்ந்தாலும், மரத்தாலும், தாங்கமுடியாத வலி வளர்ந்தாலும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே கட்டைத் தளர்த்தச் செய்து மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். தோல் கிழிந்து எலும்பு வெளிப்பட்ட முறிவும், முதியோரின் தொடை எலும்புக் கழுத்து முறிவும் வெறுங் கட்டுக்கு அடங்குவன அல்ல. தொடை எலும்பின் கழுத்துக்குக் குருதி வழி இயல்பிலேயே ஒடுக்கமானது. புகை பிடித்தல் அக்குருதி வழியை இன்னும் ஒடுக்கும். முறிவு கூடும் காலத்திலேனும் அதை விட்டொழித்தல் நலம்.

திருப்பதியில் 1954-இல் பல்கலைக் கழகமும், 1960-இல் மருத்துவக் கல்லூரியும் தோன்றின. 1980-களில் தேவஸ்தானத்தார் "பர்டு" என்னும் எலும்பு மருத்துவமனையை அமைத்தனர். புத்தூரும் அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. மூங்கிற் பத்தையைத் தேடிச் செல்பவரும் அறுவைக் கூடத்தைத் தேடிச் செல்பவரும் ஒரே இரயிலில் வந்து இறங்கலாம். இருவருடைய உடம்பினுள்ளும் எலும்பைக் கூட்டப் போவது ஒரே பொருள்தான். மயிரிழையினும் நுண்ணிய அந்தக் குருதிக் குழாய்க்கு வழி விடுகின்ற கட்டே நல்ல கட்டு.