பிரிட்னி ஸ்பியர்ஸின் 'பிளாக்அவுட்': கேமராக்களுக்கு நடுவே பிறந்த ஆல்பம்

அமெரிக்கப் பாப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸின் ஐந்தாவது ஆல்பம் 'பிளாக்அவுட்'. 2007ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் ஜைவ் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் வழி வெளியீடு கண்டது. 12 பாடல்கள், சுமார் 43 நிமிடங்கள். முழுக்க மின்னணு இசையில் அமைந்த நடனப் பாடல்களே இதில் உள்ளன. பாடகியின் சொந்த வாழ்க்கை நாள்தோறும் தலைப்புச் செய்தியாகிக் கொண்டிருந்த காலத்தில் உருவான இந்த ஆல்பம், புகழையும் அந்தப் புகழை விற்றுப் பிழைக்கும் ஊடகங்களையும் தன் பாடுபொருளில் ஒன்றாகக் கொண்டது.

'பிளாக்அவுட்' என்றால் இருட்டடிப்பு. தமிழில் அந்தச் சொல்லுக்குச் செய்தியை வெளியே வரவிடாமல் மறைப்பது என்ற பொருளும் உண்டு. எதிர்மறையானவற்றை மறைத்துவிட்டு வாழ்க்கையை முழுமையாக ஏற்றுக்கொள்வது என்பதே தலைப்பின் பொருள் என்று வெளியீட்டின்போது விளக்கம் தரப்பட்டது. ஆனால், பிரிட்னியின் வாழ்க்கையில் அப்போது மறைக்க முடிந்தது என்று எதுவுமே இருக்கவில்லை.

பின்னணி

1981 டிசம்பர் 2ஆம் தேதி மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த பிரிட்னி, லூசியானாவின் கெண்ட்வுட் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். சிறுமியாக இருந்தபோதே 'மிக்கி மவுஸ் கிளப்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஆடிப் பாடினார். 1998ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த முதல் பாடல், 16 வயதிலேயே அவரை உலகப் புகழுக்கு உயர்த்தியது. அவருடைய முதல் நான்கு ஆல்பங்களும் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்தன.

நான்காவது ஆல்பமான 'இன் த சோன்' 2003இல் வந்தது. அதிலுள்ள 'டாக்ஸிக்' பாடல் அவருக்குக் கிராமி விருதைப் பெற்றுத் தந்தது. நம்மவர்களுக்கு அந்தப் பாடலோடு ஒரு சொந்தம் உண்டு. பாடலில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் வயலின் இசை, கே.பாலசந்தர் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த 'ஏக் தூஜே கே லியே' (1981) இந்திப் படத்தில் எஸ்.பி.பாலசுப்ரமணியமும் லதா மங்கேஷ்கரும் பாடிய பாடலிலிருந்து வெட்டி எடுத்துச் சேர்க்கப்பட்டது. 'டாக்ஸிக்' பாடலை உருவாக்கிய சுவீடன் நாட்டு இரட்டையர் பிளட்ஷை, அவாண்ட் ஆகிய இருவரும் 'பிளாக்அவுட்' ஆல்பத்திலும் பணியாற்றினர்.

நான்காவது ஆல்பத்துக்கும் ஐந்தாவது ஆல்பத்துக்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் பிரிட்னிக்குத் திருமணம் நடந்தது. 2005, 2006 ஆகிய அடுத்தடுத்த ஆண்டுகளில் இரு மகன்கள் பிறந்தனர். 2006 நவம்பரில் அவர் விவாகரத்துக்கு மனுச் செய்தார். பிள்ளைகள் யார் பொறுப்பில் இருப்பது என்ற வழக்கும் தொடர்ந்தது. பிரபலங்களைத் துரத்திப் படமெடுத்து விற்கும் 'பாப்பராஸி' புகைப்படக்காரர்கள் அவருடைய வீட்டு வாசலிலேயே காத்துக் கிடந்தனர். அவர் காரில் புறப்பட்டால் பின்னால் ஒரு வரிசையே தொடர்ந்தது. 2007 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியிலுள்ள ஒரு சிகை அலங்கார நிலையத்தில் அவர் தம் தலையைத் தாமே மழித்துக்கொண்டபோது, கண்ணாடிக்கு வெளியே நின்ற கேமராக்கள் அதை உலகம் முழுவதற்கும் அனுப்பின.

உருவாக்கம்

ஆல்பப் பணிகள் 2006இல் தொடங்கி 2007 வரை நீடித்தன. 'நிர்வாகத் தயாரிப்பாளர்' என்ற தகுதியில் பிரிட்னியின் பெயர் முதன்முதலாக இடம்பெற்றது இந்த ஆல்பத்தில்தான். எந்தப் பாடல் வேண்டும், யாருடன் பணிபுரிவது என்பவற்றில் அவருடைய சொல்லுக்கு எடை இருந்தது என்பதே இதன் பொருள். 'ஃப்ரீக் ஷோ', 'ஊ ஊ பேபி' ஆகிய இரு பாடல்களின் ஆக்கத்திலும் அவர் பெயர் உண்டு.

பாடல்கள் பலவற்றின் தயாரிப்பாளர் டாஞ்சா. நெல்லி ஃபர்ட்டாடோ, ஜஸ்டின் டிம்பர்லேக் ஆகியோரின் 2006ஆம் ஆண்டு வெற்றி ஆல்பங்களில் டிம்பலாண்டுடன் சேர்ந்து உழைத்து அப்போதுதான் பெயர் பெற்றிருந்தவர் அவர். கேரி ஹில்சன் உள்ளிட்டோர் பாடல் எழுதினர். கடைசிப் பாடலை ஃபாரல் வில்லியம்ஸின் 'நெப்டியூன்ஸ்' குழு அமைத்தது. முறிந்த மணவாழ்வை நினைவுபடுத்தும் பாடல் அது.

ஒலி

கனத்த பேஸ் ஒலி, உடைந்து நொறுங்குவது போன்ற சிந்தசைசர் இசை, இடைவிடாத தாளம் ஆகியவை இந்த ஆல்பத்தின் அடையாளங்கள். பிரிட்னியின் குரலே கணினியின் வழி நீட்டப்பட்டு, வெட்டப்பட்டு, சுருதி மாற்றப்பட்டு இன்னோர் இசைக்கருவியாக மாறிவிடுகிறது. சில இடங்களில் ஆண் குரலா பெண் குரலா என்று பிரித்தறிய முடியாத அளவுக்கு அது தடித்து ஒலிக்கும்.

இதை அன்றைய விமர்சகர்களில் சிலர் குறையாகச் சொன்னார்கள். பாடகி எங்கே, எல்லாம் இயந்திரம்தானே என்பது அவர்களின் கேள்வி. உலகமே ஒரு பெண்ணைப் படமாக மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் குரலும் இயந்திரத்துக்குள் மறைந்து ஒலித்தது பொருத்தமே என்று பின்னாளில் எழுதியவர்களும் உண்டு.

புகழைப் பற்றிய பாடல்கள்

ஆல்பத்தின் பெரும்பகுதி நடன அரங்குக்கான காதல், மோகப் பாடல்களே. இருப்பினும், முகப்பிலுள்ள இரண்டு பாடல்கள் முழு ஆல்பத்தையும் கேட்கும் விதத்தையே மாற்றிவிடுகின்றன.

முதல் பாடல் 'கிம்மி மோர்', அதாவது 'இன்னும் கொடு'. பாடகி தம் பெயரைத் தாமே அறிவித்துக்கொண்டு நுழைகிறார். மேலோட்டமாகப் பார்த்தால் ஆட்டமும் ஈர்ப்பும்தான் பொருள். ஆனால், கூட்டம் சூழ்ந்து நின்று பார்க்கிறது, இன்னும் இன்னும் என்று கேட்கிறது என்ற சூழல் பாடலில் வருகிறது. கேட்பது காதலனா, கேமராவா என்ற ஐயம் எழாமல் போகாது. பில்போர்டு பாடல் பட்டியலில் இது மூன்றாம் இடம்வரை சென்றது.

இரண்டாம் பாடல் 'பீஸ் ஆஃப் மீ'. இந்தத் தலைப்புக்கு ஆங்கிலத்தில் இரண்டு பொருள்கள். 'என்னிலிருந்து ஒரு துண்டு வேண்டுமா?' என்பது ஒன்று. 'என்னோடு மோதிப் பார்க்கிறாயா?' என்ற சண்டைக்கு அழைக்கும் வழக்கு இன்னொன்று. பத்திரிகைகள் தமக்குச் சூட்டிய பட்டப்பெயர்களைப் பாடகியே ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு போகிறார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனாலும் செய்தி, உடல் பருத்தாலும் செய்தி, மெலிந்தாலும் செய்தி என்ற நிலையைக் கண்ணீர் இல்லாமல், ஏளனச் சிரிப்போடு சொல்கிறது பாடல்.

சுவையான ஒன்று, இந்தப் பாடலை பிரிட்னி எழுதவில்லை. பிளட்ஷை, அவாண்ட் இருவரும் கிளாஸ் ஆலுண்ட் என்ற சக நாட்டவரும் சேர்ந்து அவருக்காக எழுதியது இது. பின்னணிக் குரல்களில் ஒன்று சுவீடன் பாடகி ராபினுடையது. ஆயினும் பிரிட்னியின் தன்வரலாறு போலவே இரசிகர்கள் அதை ஏற்றுக்கொண்டனர். அதன் காணொளியில் பிரிட்னியும் தோழிகளும் ஒரே மாதிரியான பொய்முடி அணிந்துகொண்டு, யார் யாரென்று தெரியாமல் புகைப்படக்காரர்களைத் திணற வைப்பார்கள்.

வெளியீடும் விற்பனையும்

2007 செப்டம்பர் 9ஆம் தேதி லாஸ் வேகாஸில் நடைபெற்ற எம்டிவி இசைக் காணொளி விருது விழாவின் தொடக்கத்தில் 'கிம்மி மோர்' பாடலுக்குப் பிரிட்னி மேடையேறினார். தயங்கிய அசைவுகளும் சோர்ந்த முகமுமாகத் தெரிந்த அவரை மறுநாள் ஊடகங்கள் கடுமையாகச் சாடின. இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான அவரின் உடலமைப்பும் கேலிக்கு ஆளானது. அக்டோபர் தொடக்கத்தில் பிள்ளைகளைப் பராமரிக்கும் உரிமையும் முன்னாள் கணவருக்குச் சென்றது.

பாடல்கள் முன்கூட்டியே இணையத்தில் கசிந்ததால், நவம்பர் நடுவில் வரவிருந்த ஆல்பம் அமெரிக்காவில் அக்டோபர் 30ஆம் தேதிக்கு முன்னதாக்கப்பட்டது. முதல் வாரத்தில் அங்கு சுமார் 290,000 பிரதிகள் விற்றன. முதலிடம் கிடைத்துவிடும் என்ற நிலையில், பில்போர்டு தன் விதியைத் திடீரென மாற்றியது. ஒரே ஒரு கடைத்தொகுதியில் மட்டும் விற்கப்படும் ஆல்பங்கள் அதுவரை அதன் முதன்மைப் பட்டியலில் சேர்க்கப்பட்டதில்லை. அந்த வாரம் அவையும் சேர்க்கப்பட, வால்மார்ட் கடைகளில் 711,000 பிரதிகள் விற்ற 'ஈகிள்ஸ்' குழுவின் ஆல்பம் முதலிடத்துக்கு வந்தது. பிரிட்னிக்கு இரண்டாம் இடம்.

இந்த ஆல்பத்துக்காக அவர் பேட்டிகளோ இசைப் பயணமோ மேற்கொள்ளவில்லை என்றே சொல்லலாம். மூன்றாவது பாடலான 'பிரேக் தி ஐஸ்' காணொளியில் அவர் நேரில் நடிக்காமல், ஜப்பானிய பாணி அசைவூட்டப் பாத்திரமாகவே வந்தார். எனினும், 2008ஆம் ஆண்டு எம்டிவி விழாவில் 'பீஸ் ஆஃப் மீ' ஆண்டின் சிறந்த காணொளி உட்பட மூன்று விருதுகளை வென்றது. அதே ஆண்டு எம்டிவி ஐரோப்பிய விழாவில் சிறந்த ஆல்பம் விருதும் 'பிளாக்அவுட்'டுக்குக் கிடைத்தது.

அதன் பிறகு

ஆல்பம் வந்து மூன்றே மாதத்தில், 2008 பிப்ரவரி 1ஆம் தேதி, கலிபோர்னியா நீதிமன்றம் பிரிட்னியைப் பாதுகாவலர் ஏற்பாட்டின் கீழ் கொண்டு வந்தது. தம்மைத் தாமே கவனித்துக்கொள்ள இயலாதவர் என்று நீதிமன்றம் கருதும் ஒருவரின் சொத்து, மருத்துவம், அன்றாட முடிவுகள் ஆகியவற்றை வேறொருவர் கையில் ஒப்படைப்பது இந்த ஏற்பாடு. பொறுப்பு அவருடைய தந்தை ஜேமி ஸ்பியர்ஸிடம் வந்தது. தற்காலிகமாகத் தொடங்கிய அது 13 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

இந்தக் காலத்தில் அவர் ஓய்ந்திருக்கவில்லை. நான்கு ஆல்பங்கள் வெளிவந்தன. 2013 இறுதியிலிருந்து 2017 வரை லாஸ் வேகாஸில் நிரந்தர மேடை நிகழ்ச்சி நடத்தினார். அந்த நிகழ்ச்சிக்கு வைக்கப்பட்ட பெயரே 'பீஸ் ஆஃப் மீ'. 2017 ஜூன் 30ஆம் தேதி சிங்கப்பூர் உள்ளரங்கிலும் அவர் பாடினார். அன்று அரங்கில் கைதட்டி மகிழ்ந்தவர்கள் பார்த்தது, தாம் சம்பாதித்த பணத்தைத் தம் விருப்பப்படி செலவிடச் சட்டப்படி உரிமையில்லாத 35 வயதுப் பெண்ணை.

2021 பிப்ரவரியில் வெளிவந்த 'ஃபிரேமிங் பிரிட்னி ஸ்பியர்ஸ்' ஆவணப்படம் 2007ஆம் ஆண்டுச் செய்திகளை மறுபடி பார்க்க வைத்தது. அதே ஆண்டு ஜூன் 23ஆம் தேதி பிரிட்னி நீதிமன்றத்தில் பேசினார். விருப்பமில்லாமல் வேலை வாங்கப்பட்டதாகவும், தம் உடல் தொடர்பான முடிவுகளைக்கூட எடுக்க முடியவில்லை என்றும் கூறினார். மகளின் நலனுக்காகவே செயல்பட்டதாகத் தந்தையின் தரப்பு சொல்லி வந்தது. 2021 நவம்பர் 12ஆம் தேதி பாதுகாவலர் ஏற்பாட்டை நீதிமன்றம் முடிவுக்குக் கொண்டு வந்தது. அவ்வாண்டே கலிபோர்னியா மாநிலம் அதன் பாதுகாவலர் சட்டத்திலும் திருத்தம் செய்தது.

இன்றைய மதிப்பு

'பிளாக்அவுட்' இன்று பிரிட்னியின் தலைசிறந்த படைப்புகளில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. 2012இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் நூலகக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டது. 'ரோலிங் ஸ்டோன்' இதழ் 2020இல் வெளியிட்ட 500 சிறந்த ஆல்பங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. அதன் மின்னணு ஒலி அடுத்து வந்த ஆண்டுகளின் பாப் இசையில் பரவலாகக் கேட்டது.

2023 அக்டோபரில் வெளிவந்த தம் தன்வரலாற்று நூலான 'தி வுமன் இன் மீ'யில், இந்த ஆல்பத்தை உருவாக்கியது எளிதாகவும் மனநிறைவாகவும் இருந்ததாகப் பிரிட்னி குறிப்பிடுகிறார். அவர் நிலைகுலைந்துவிட்டார் என்று வெளியே எழுதப்பட்ட அதே மாதங்களில், ஒலிப்பதிவுக்கூடத்துக்குள் தமக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஒரு கலைஞர் வேலை செய்துகொண்டிருந்தார். அதற்குச் சான்றாக அந்த 12 பாடல்களும் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன.