வேலையும் விடுதலையும்: சட்டசபைகளில் அண்ணல் அம்பேத்கர்

அண்ணல் அம்பேத்கர் என்றவுடன் அரசியலமைப்புச் சட்டமும் இடஒதுக்கீடும் நம் நினைவுக்கு வருகின்றன. அஃது இயல்பே. ஆயினும், 1927 முதல் பம்பாய் மாகாணச் சட்டசபைகளிலும், 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக மத்திய சட்டசபையிலும் அவர் ஆற்றிய உரைகளைப் படித்தோர் நம்மிடையே மிகச் சிலரே. வேலையின்றித் தவிப்போரையும் பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் செல்வோரையும் குறித்து அவர் கொண்டிருந்த கருத்து அவ்வுரைகளில்தான் விளங்கித் தோன்றுகிறது. வேலையின்மை தனிமனிதனின் சோம்பலால் வருவதன்று; நில உடைமையும் சாதியும் சட்டமும் சேர்ந்து உண்டாக்கும் அடிமை நிலையின் மற்றொரு பெயரே அது என்பதே அக்கருத்தின் சாரம்.

1918-இலேயே சிறு நில உடைமைகளைப் பற்றி அவர் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். நிலம் துண்டு துண்டாக இருப்பது மட்டும் குறையன்று. நிலத்தை நம்பி வாழும் மக்களுக்கு ஆண்டு முழுவதும் போதிய வேலை இல்லாமையே பெருங்குறை என்றும், தொழில்கள் பெருகினாலன்றி அது தீராது என்றும் அதில் நிறுவினார். 1927-இல் சிறு நிலங்களை ஒன்றுசேர்க்கும் மசோதா பம்பாய்ச் சட்டசபைக்கு வந்தபோது, அம்முறையால் ஏழைக் குடியானவர் நிலமற்ற கூலிகளாவர் என எதிர்த்து, கூட்டுறவு வேளாண்மையே தக்க வழி என்று வாதிட்டார்.

கிராமத்தில் வேலை இல்லாமை ஒருபுறம். மறுக்க முடியாத வேலை மற்றொருபுறம். மகர் மக்கள் பரம்பரை வதன் முறையால் கிராமத்துக்கும் அரசு அலுவலர்க்கும் இரவு பகல் பாராது ஏவல் செய்யக் கட்டுப்பட்டிருந்தனர். அதற்கு ஈடாகக் கிடைத்ததோ சிறு நிலமும் சிறிது தானியமுமே. இத்தளையை அகற்ற 1928-இல் அவர் ஒரு மசோதா கொணர்ந்தார். 1937 செப்டம்பரில், கொங்கணப் பகுதியில் குடியானவரை நசுக்கிய கோத்தி முறையை ஒழிக்க மற்றொரு மசோதா கொணர்ந்தார். 1938 ஜனவரியில் ஆயிரக்கணக்கான குடியானவர் பம்பாயில் ஊர்வலமாகத் திரண்டனர். அம்மசோதா அன்று நிறைவேறவில்லை; கோத்தி முறை 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், வதன் முறை 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தாலுமே ஒழிந்தன.

இவ்விரு முறைகளுக்கும் இடம்பெயர்தலுக்கும் உள்ள தொடர்பு கருதத்தக்கது. கொங்கணத்து இரத்தினகிரி மாவட்டத்திலிருந்து பம்பாய் ஆலைகளுக்குச் சென்றவர் எண்ணற்றோர். ஊரில் நிலம் வாழவிடவில்லை, நகரம் அழைத்தது. அங்கும் சாதி முன்னே சென்று காத்திருந்தது. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டியிருந்தமையால், தீட்டு என்று சொல்லி, மிகுந்த கூலி கிடைத்த நெசவுப் பிரிவில் தாழ்த்தப்பட்டோரைச் சேர்க்கவில்லை. 1928-இல் நடந்த ஆலை வேலைநிறுத்தத்தின்போது இத்தடையை நீக்கும் கோரிக்கையையும் சேர்க்க வேண்டும் என்று அண்ணல் தொழிற்சங்கத் தலைவர்களிடம் வற்புறுத்தினார். கூலி உயர்வு கேட்பவர், தம் பக்கத்தில் நிற்கும் தொழிலாளிக்கு அவ்வேலையே மறுக்கப்படுவதைக் காணாதிருத்தல் முறையன்று என்பது அவர் நிலை.

1938 செப்டம்பரில் பம்பாய்த் தொழில் தகராறு மசோதாவின் மீது அவர் பேசிய பேச்சு மிகச் சிறந்தது. வேலைநிறுத்தம் என்பது ஒப்பந்த மீறலேயன்றிக் குற்றமன்று. அதற்குத் தண்டனை விதிப்பது தொழிலாளியை அவன் விருப்பத்துக்கு மாறாக உழைக்க வைப்பதாகும். அதுவே அடிமைத்தனம் என்று வாதிட்டார். இவ்வாதத்தின் ஆழம் தமிழராகிய நமக்கு எளிதில் விளங்கும். கங்காணியிடம் முன்பணம் பெற்றுத் தேயிலைத் தோட்டங்களுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் சென்றோருள் நம் முன்னோர் பெருந்தொகையினர். முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டு நீங்கினால் அவனைச் சிறைக்கு அனுப்ப 1859-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்தியாவில் இடமளித்தது. அதை நீக்கும் சட்டம் 1925-இல்தான் நிறைவேறியது.

தொழிலாளர் துறைப் பொறுப்பேற்றபின் அவருக்கு வேறுவகைச் சோதனை வந்தது. போர்க்காலத்தில் கூடுதல் கூலி கிடைத்த இராணுவக் கட்டுமானப் பணிகளுக்குத் தொழிலாளர் சென்றுவிட்டமையால் நிலக்கரிச் சுரங்கங்களில் ஆள் குறைந்தது. கோரக்பூர்ப் பகுதியிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். பெண்கள் சுரங்கத்தினுள் வேலை செய்வதற்கு இருந்த தடையும் 1943-இல் நீக்கப்பட்டது. இதனைக் கண்டித்து 1944 பிப்ரவரியில் மத்திய சட்டசபையில் விவாதம் எழுந்தபோது, இது நெருக்கடி கால ஏற்பாடே என்றும், ஆணுக்கு நிகரான கூலி பெண்ணுக்கு வழங்கப்படுகிறது என்றும் அண்ணல் விடையிறுத்தார். எதிர்ப்பாளர் கூற்றிலும் நியாயம் இருந்தது. இதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை. 1946 பிப்ரவரியில் அத்தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அவ்விவாதத்துக்கு முன்னரே, 1943 டிசம்பரில், அவர் தன்பாத் சுரங்கப் பகுதிக்குச் சென்று சுரங்கத்தினுள் இறங்கித் தொழிலாளர் நிலையை நேரில் கண்டறிந்தார் என்பதும், 1944-இல் சுரங்கத் தொழிலாளர் நல நிதி ஏற்படுத்தப்பட்டது என்பதும் உடன் நினைக்கத்தக்கவை.

போர் முடிந்தால் படைவீரரும் போர்த்தொழிலாளரும் ஒருங்கே வேலை இழப்பர் என்பது முன்னரே உணரப்பட்டது. 1945-இல் மறுகுடியமர்வுக்கும் வேலைவாய்ப்புக்குமான இயக்ககம் அமைந்தது. அதன்கீழ் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நிறுவப்பட்டன. 1948 முதல் அவை எல்லார்க்கும் திறக்கப்பட்டன. நம் குடியிருப்பு இளைஞர் பரிந்துரைக்க ஆளின்றியும் தம் பெயரைப் பதிந்து முறைவரிசையில் நிற்க முடிந்தது இவ்வேற்பாட்டினால்தான். 1946-இல் ஆலைகளின் வார வேலைநேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்ததும் அவர் பொறுப்பில் இருந்த காலத்தேதான்.

1947-இல் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய அறிக்கையில், பசித்திருப்பவனுக்கும் வேலையற்றவனுக்கும் அடிப்படை உரிமைகளால் என்ன பயன் என்ற வினாவை அவர் எழுப்பினார். வேலை பெறும் உரிமை அரசியலமைப்பின் 41-ஆம் பிரிவில் வழிகாட்டும் நெறியாக மட்டுமே இடம்பெற்றது. நீதிமன்றத்தில் வழக்கிட்டுப் பெறும் உரிமையாக அமையவில்லை. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர்க்கெனத் தனிச்சட்டம் வர 1979 வரை காத்திருக்க நேர்ந்தது. அதுவும் 2020-இல் இயற்றப்பட்ட தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இணைக்கப்பட்டது. அந்த 2020-ஆம் ஆண்டிலேதான், ஊரடங்கின்போது வேலையும் கூலியும் இழந்த தொழிலாளர் நூற்றுக்கணக்கான மைல் நடந்தே ஊர் திரும்பிய காட்சியையும் நாடு கண்டது.

வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மாணவச் செல்வங்கள் இவ்வரலாற்றிலிருந்து கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, அண்ணல் அவையில் எழுந்து பேசுமுன் சட்டத்தையும் புள்ளிவிவரத்தையும் கற்றறிந்து சென்றார். வெறும் உணர்ச்சியை மட்டும் நம்பிச் செல்லவில்லை. மற்றொன்று, தாம் பதவி பெற்றபின் தம்முடைய விடுதலையோடு அவர் நிறைவடையவில்லை. ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்தவரின் வழக்கை எடுத்துரைத்தார். நம்முள் அரசுப்பணி பெற்றோர், இன்னும் மூட்டையுடன் வெளியூர்ப் பேருந்துக்குக் காத்திருக்கும் நம் உறவினரை மறவாதிருத்தல் வேண்டும். கற்ற கல்விக்குப் பொருள் அதுவே.